மழைக்காலத்தில் மாடும் நாமும்



நவம்பர் பிறந்தால் மழை பிடித்துக்கொள்கிறது. இந்த மாதங்களில் மாட்டை ராப்பகலாக வெளியிலேயே விட்டுவைக்கலாமா என்று கேட்கிறீர்கள். "நனைஞ்சா மாடு செத்தா போகும்?" என்பார்கள் நம் பெரியவர்கள். நனைந்து மட்டும் சாகாதுதான். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

செம்பனைக்கு நடுவே, கால்வாய் ஓரத்துப் பள்ளத்தில் கட்டிப் போடுகிறோமே, அங்கேதான் வினை. நாள்கணக்கில் சேற்றில் நின்றால் குளம்பு ஊறி வெடிக்கும். வெடிப்பில் கிருமி புகுந்து அழுகும். நொண்டுகிற மாடு சரியாக மேயாது. மேயாத மாடு எங்கே கறக்கும்?

ஆட்டுக்கு இன்னும் மோசம். வயிற்றுப் புழுவின் குஞ்சுகள் ஈரப் புல்லில் மேலே ஏறி நிற்கும். விடிந்ததும் அவிழ்த்துவிட்டால் ஆடு புல்லோடு புழுவையும் தின்கிறது. கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, தாடைக்கு அடியில் வீங்கியிருந்தாலோ புழு ரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சந்தேகப்பட்டு, கால்நடை இலாகாவில் காட்டுங்கள். புல் காய்ந்த பிறகு மேய விடுங்கள். ராத்திரிக்கு இடைவெளி விட்டுப் பலகை அடித்த உயரக் கொட்டகை வேண்டும். மாட்டுக்கு மேட்டு நிலமும், தலைக்கு மேல் நாலு தகரமும் போதும். சுற்றி அடைத்துவிடாதீர்கள், காத்து வேணும்.

சுகாதாரப் பகுதியில் மாட்டுக் கதை எதற்கு என்கிறீர்களா? அந்தச் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது நீங்கள்தானே! எலி மூத்திரமும் மாட்டு மூத்திரமும் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியே எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு. மலேசியாவில் 2010 முதல் டாக்டர்கள் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. நம் ஆட்களோ பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். கிளினிக் போனாலும் "மாடு வச்சிருக்கேன்" என்று வாய் திறப்பதில்லை. துரைக்குத் தெரிந்தால் மாட்டை ஓட்டச் சொல்வாரோ என்ற பயம். தயவுசெய்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆரம்பத்திலேயே கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் குணமாகும்.

பூட்ஸ் போடாமல் தொழுவத்தில் இறங்காதீர்கள். புண்ணைக் கட்டி மூடுங்கள். கறந்த பாலைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

நிர்வாகத்திடமும் ஒன்று கேட்க வேண்டும். லயத்துக்கு எட்டத்தில், தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழ்ப்புறமாக, ஒரு மேட்டு நிலத்தை ஒதுக்கித் தரட்டும். மருந்து அடித்த வரிசைகளை முன்கூட்டியே சொல்லட்டும். செம்பனைக்கு அடியில் மாடு புல் மேய்ந்தால் களையெடுப்புச் செலவு அவர்களுக்குத்தானே மிச்சம்? அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள், மழை வலுப்பதற்குள்.