சிரிப்பில் யாருக்கு இடம்?



இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்', 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமாயிற்று. மரிக்காராக நம் வீட்டுத் தமிழைப் பேசியவர் எஸ். ராம்தாஸ், ஐயராக வந்தவரோ நம் பி.எச். அப்துல் ஹமீத்! யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியும் சிங்கள உபாலியும் உடனிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்தோம்.

ஆனால், அந்நால்வரில் தோட்டத் தமிழ் பேச ஒருவருமில்லை. எங்கள் ஊவாவின் மீரியபெத்தைத் தோட்டத்தை நாடு திரும்பிப் பார்த்தது, 2014 அக்டோபர் 29இல் மலை சரிந்து லயன்களை மூடிய பிறகுதான்.

தாய்மார்களே! தோட்டத்துப் பேச்சைப் பிள்ளைகள் கேலி செய்தால் உடனே தடுத்துவிடுங்கள். பிறரை ஏளனம் செய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் விலக்கியிருக்கிறது. கூடிச் சிரிக்கையில் சேர்க்காதவரை, அழுகையில் மட்டும் தேடுவது நேசமாகுமா?