முதலில் வலி தீரட்டும்

மீள வழியில்லாத நோயாளியின் உயிர்காப்புக் கருவிகளை அகற்றலாம். அதற்காக முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணமும் செல்லும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆவணத்துக்கு நோட்டரியின் சான்றே போதும் என 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரைக்கான ஏற்பாடு இது. அந்தச் சட்டத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால், மருந்து கொடுத்து உயிரை முடிக்க அனுமதிப்பது வேறு. தென் மாவட்டங்களில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் புகட்டிச் சாகவிடும் ‘தலைக்கூத்தல்’ நாம் அறிந்ததே. பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமே என்று கூசும் முதியவரின் சம்மதம், சுதந்திரமான சம்மதம் அல்ல. மார்ஃபினும் வலிதணிப்புச் சிகிச்சையும் ஒவ்வொரு வட்டார மருத்துவமனைக்கும் வந்து சேரட்டும். அதுவரை அந்த அனுமதி வேண்டாம்.