நீத்தார்க்கு வனைந்த மண்

பதுளையைச் சூழ்ந்த தோட்டங்கள் பலவற்றில், தேயிலைக்கு நடுவே ஒரு துண்டு நிலம் கண்ணிற்படும். கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை; கொள்ளிக்குடம் உடைந்த ஓட்டுச்சில்லுகளே அங்கு துயில்வோரின் அடையாளம். யப்பானியரின் சூயே மட்கலங்களைப் பற்றிப் படித்தபோது அச்சில்லுகளே என் நினைவில் எழுந்தன.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் கொரியக் குயவர் யப்பானுக்குக் கொண்டுசென்ற கலை அது. அதற்கு முன் அந்நாட்டார் அறிந்தவை நீர் கசியும் செந்நிறக் கலங்களே. வந்தவர்களோ மலைச்சரிவிலே சுரங்கம்போற் சூளை அமைத்தனர். அடியில் மூட்டிய தீ சரிவேறிச் செல்ல, வெப்பம் 1,000 பாகையையும் கடந்தது. ஈற்றிற் காற்றை மறித்துவிட, மண் சாம்பல் நிறம் பூண்டு கல்லாய் இறுகிற்று. மெருகுப் பூச்சு ஏதும் பூசாமலே நீர் கசியாத கலம்! ஒசாக்காவுக்குத் தெற்கே இத்தகைய சூளைகள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன.

அழகெல்லாம் சாடியின் தோளிலே. அங்கே சின்னஞ்சிறு குடங்களை வரிசையாய் ஒட்டி, இடையிடையே மான், பன்றி, நாய், மனிதர் என விரலளவு உருவங்களை நிறுத்தினர். தாங்கிகளில் முக்கோணத் துளைகள். இத்தகைய அலங்காரக் கலங்கள் அடுக்களைக்கு உரியன அல்ல. பெருமக்களின் புதைமேட்டிலே வைப்பதற்கென்று வனைந்தவை.

இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் 2004இல் தொடங்கிய அகழ்வில், தாழியொன்றினுள் ஒரு கலத்துண்டு கிடைத்தது. அதிலே மெல்லியலாள் ஒருத்தி. அவளருகே கொக்கும் மானும் முதலையும். யாவும் களிமண்ணால் ஒட்டிய உருவங்கள். சூயேக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. இரண்டிற்கும் உறவு கற்பிக்க நான் துணியேன். அவ்வேலைக்கு வேறு ஆட்கள் உளர். இறந்தவனோடு மானையும் அனுப்பத் துடித்த விரல் இரு நாட்டிலும் இருந்தது. எனக்கு அது போதும்.

யப்பானியர் உடையாமல் வைத்ததை நாம் மூன்று துளையிட்டு உடைக்கிறோம். ஆதலால் நம் குடம் காட்சிச்சாலை ஏறாது. லயத்து அடுப்படியிலோ அலுமினியமும் பிளாஸ்டிக்கும் குடியேறிவிட்டன. 2023இல் மலையகத்தாரின் 200 ஆண்டு வரலாற்றை மேடைகளில் நினைவுகூர்ந்தோம், பேச்சுக்குக் குறைவில்லை. சட்டி, கலயம், மிடா என்று பாட்டிமார் பெயர் பிரித்துச் சொல்வதை எழுதிவைத்த ஏடு எத்தனை?

ஊவாத் தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அயலிலோ எஞ்சிய மட்கலம் ஒன்றை வரைந்து, அதற்கு மூத்தோர் வழங்கும் பெயரையும் எழுதி வரட்டும். எமக்கு அனுப்பினால் இப்பக்கத்தில் இடம் உண்டு.