இருபத்தெட்டு இஞ்சு ரிம்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சைக்கிள் சாமான் விற்பவர்களின் தார்ப்பாயைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. பெடல், டைனமோ, செயின் கார்டு, மணி எல்லாம் மேலே கிடக்கும். அடியில், டயர் கழற்றிய ரிம்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு கிடக்கும். குரோம் பூச்சு உரிந்து புள்ளி புள்ளியாகத் துரு பிடித்த இரும்பு ரிம்களுக்கு நடுவே, யாரோ ஏறக்குறையப் புதிதாகவே கழித்துக் கட்டிய கியர் சைக்கிளின் அலுமினிய ரிம்மும் எட்டிப் பார்க்கும்.

அங்கே அடிக்கடி நடக்கிற ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பழைய வண்டியின் ரிம் 28 இஞ்சு. இன்று கடைகளில் தொங்குகிற மலை சைக்கிளின் ரிம் 29 இஞ்சு. அப்படியானால் புதியதுதான் பெரியது என்று எவரும் நினைப்பார்கள். ஆனால் இஞ்சுக் கணக்கு, காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்வது. டயரின் விளிம்பு உட்காருகிற இடத்தில் அளந்தால் பழைய 28 × 1½ ரிம் 635 மில்லிமீட்டர். 29 இஞ்சு என்று விற்பதோ 622தான். பெயரில் ஒரு இஞ்சு கூடுதல், அளவில் 13 மில்லிமீட்டர் குறைவு. ரேஸ் சைக்கிள்காரர்கள் 700சி என்பதும் இதே 622தான். டயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போல இரண்டு எண்கள் இருந்தால், இரண்டாவது எண் ரிம்மோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

அந்த 635 ரிம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ராலி, ஹம்பர், பிலிப்ஸ் என்று கப்பலில் வந்திறங்கிய வண்டிகளோடு வந்து, 1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கிய பிறகு அம்பத்தூரிலேயே பிறக்க ஆரம்பித்தது. அங்கே செய்த ஹெர்குலிஸ் வண்டியை நம் அப்பாக்கள் ஓட்டினார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அதன் உருவத்திலேயே ஒரு யோசனை தெரியும். இரண்டு ஓரமும் குழாய் போல உருண்டிருக்கும். நடுவில், போக்ஸ் கம்பியை ரிம்மோடு பிடிக்கிற நிப்பிள் உட்காரப் பள்ளம். பிரேக் கட்டை பக்கவாட்டில் கவ்வாது. கைப்பிடியிலிருந்து வரும் இரும்புக் கம்பி அதை மேல்நோக்கி இழுத்து, அந்த உருண்ட ஓரங்களின் உட்புறத்தில் அழுத்தும்.

இதனால் என்ன லாபம் என்றால், சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோட்டம் விழுந்தாலும் பிரேக் உரசாது. பள்ளத்தில் இறங்கி ஏறி ரிம் அப்படி இப்படி ஆடினாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி. பால் கேனும் அரிசி மூட்டையும் கேரியரில் ஏறும் என்று தெரிந்தே பின்னால் எட்டுக் கம்பி கூடுதல். நாற்பதில் ஒன்று அறுந்தாலும் வீடு வந்து சேரலாம். கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இரவுக் காவலர்களும் இன்றைக்கும் இந்த வண்டியை விடாமல் இருப்பதற்கு ஏழ்மை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர் கோட்டம் எடுக்கிறார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு சாக்பீஸை ரிம்முக்கு மெல்ல நெருக்குவார். ரிம் பிதுங்குகிற இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில், கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்குவார். துணியால் கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றுவார். இந்த முறை கோடு குட்டையாக விழும். பிறகு பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அமுக்கிப் பார்ப்பார். தொய்வு எது, விறைப்பு எது என்று அவர் விரலுக்குத் தெரியும்.

“இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா ஐயா?”

“போதும் தம்பி. இதுக்கு மேல முறுக்குனா மரை போயிடும்.”

அவர் செய்வது நுட்பமான பொறியியல். ஒவ்வொரு கம்பியும் ரிம்மை நடுவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் ஏறி உட்கார்ந்ததும் தரையை ஒட்டியிருக்கிற கம்பிகளின் இழுவிசை கொஞ்சம் குறைகிறது. மற்றவை ரிம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. இழுவிசை எல்லாவற்றிலும் சீராக இருக்கும்வரைதான் சக்கரம் சக்கரமாக இருக்கும். ரிம் ரொம்பவே நெளிந்துவிட்டால் அதைத் தரையில் சாய்த்து, ஒரு காலால் மிதித்து வளைத்து வழிக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் சாக்பீஸையே எடுப்பார். இரும்பு அதற்கு இடம் கொடுக்கும்.

ஆனால் அந்த ரிம்முக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மறைத்து அதன் புகழைப் பாட எனக்கு விருப்பமில்லை. மழையில் அது நிற்காது. குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பு. நனைந்துவிட்டால் ரப்பர் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் நின்றுகொள்ளும். பிரேக் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இங்கிலாந்தில் இதற்காகவே தோல் பதித்த பிரேக் கட்டைகள் செய்து விற்றார்கள். தோல் பதனிடுவதில் பேர் பெற்ற பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் முன்னால் போகிற பஸ் சட்டென்று நின்றால், ஈர ரிம்மை நம்பி அதன் பின்னால் வருகிறவரின் உயிருக்கு என்ன உத்தரவாதம்? பழைய வண்டிதான் வைத்திருக்கிறீர்கள் என்றால், மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னதாகவே லேசாகப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். முதல் சில சுற்று, கட்டை தண்ணீரைத் துடைக்கும்; அதற்குப் பிறகுதான் பிடிக்கும்.

அலுமினியம் இந்த இடத்தில்தான் வெல்கிறது. அதே கனஅளவு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை. அதனால் உள்ளே வெற்றிடம் விட்டு இரட்டைச் சுவராகச் செய்ய முடிகிறது. எடையும் குறைகிறது, விறைப்பும் கூடுகிறது. ஈரத்திலும் கட்டை அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். மென்மையான உலோகம் என்பதால் பிரேக் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பதையும் சொல்ல வேண்டும். சந்தையில் அலுமினிய ரிம் எடுத்தால், பிரேக் உரசும் பக்கத்தில் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். காற்றடிக்கும்போது சுவர் பிளந்துகொள்ளக்கூடும். டிஸ்க் பிரேக் வந்த பிறகு பிரேக் பிடிக்கிற வேலையே ரிம்மை விட்டுப் போய்விட்டது, அதனால் இந்தத் தேய்மானமும் போனது.

இவ்வளவும் நல்லதுதான். எனக்கு உறுத்துவது வேறு. விறைப்பு கூடிய ரிம்முக்குக் கம்பி குறைவாகவே போதும் என்று விலை கூடிய வண்டிகளில் 28, 24, 20 என்று குறைத்துக்கொண்டே வருகிறார்கள். அதில் ஒன்று அறுந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே கோணி உரசும். சுவர் நசுங்கிய அலுமினியத்தை மிதித்து நிமிர்த்தவும் முடியாது, விரிசல் விடும். கார்பன் ரிம் உடைந்தால் பெரும்பாலும் குப்பைதான். பழுது பார்க்கலாம் என்கிற எண்ணமே இல்லாமல் வடிவமைத்த பொருளைப் பெரியவரிடம் கொண்டுபோனால் அவர் என்ன செய்வார்? “புதுசு போட்டுக்கங்க தம்பி” என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் தெரிகிறது. என்னைக் கேட்டால், தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், 36 கம்பி, கழற்றி மறுபடி கோக்கக்கூடிய சாதாரண நிப்பிள் என்பேன். மழையில் நிற்கும், கோட்டமும் எடுக்கலாம்.

ஆனால் கோட்டம் எடுக்க ஆள் வேண்டுமே. தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 11ஆம் வகுப்பு மாணவர், மாணவியருக்கும் விரிந்தது. வருடாவருடம் லட்சக்கணக்கில் சக்கரங்கள் தெருவுக்கு வருகின்றன. சில மாதத்தில் கோட்டம் விழுகிறது. எடுக்க ஆள் கிடைக்காவிட்டால் வண்டி மாடிப்படிக்கு அடியில் போய்விடுகிறது. வண்டி கொடுக்கிற வாரத்தில் ஒரே ஒரு பீரியடு ஒதுக்கி, அந்தந்த ஊரில் கோட்டம் எடுப்பவரைப் பள்ளிக்கு அழைக்கலாம். ஒரு சாக்பீஸ், ஒரு போக்ஸ் சாவி போதும். சாக்பீஸ் பள்ளியிலேயே இருக்கிறது. சாவியை ஒவ்வொரு வண்டியோடும் சேர்த்துக் கொடுக்கட்டும். வருகிறவருக்கு அன்றைய கூலியைக் கையோடு கொடுத்தனுப்பட்டும்.