பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

சென்ற ஆவணியில் நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு மளிகைக்காரர், "முதலாளி, பெருங்காயத்தில் கோதுமை சேர்ப்பார்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் கிடையாது, சுத்தமான சரக்கு" என்று பழக்க தோஷத்தில் சொல்லி அனுப்பிவிட்டோம். பிறகு மனசு கேளாமல் டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் கோதுமை மாவு என்றே அச்சிட்டிருக்கிறது. நாற்பது வருஷமாக விற்கிறோம், ஒருநாளும் படித்ததில்லை.

கேட்கச் சொன்னது அவருடைய வாடிக்கைக்கார அம்மாள். ஏழு வயதுப் பையனுக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற சத்து சிறுகுடலைப் புண்ணாக்கி, தின்பது உடம்பில் ஒட்டாமல் செய்துவிடும், பிள்ளை வளராது. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான் வைத்தியம். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ஹாலந்து நாட்டில் ரொட்டி கிடைக்காதபோது இத்தகைய குழந்தைகள் தேறியதைக் கண்டு, டிக்கே என்ற குழந்தை வைத்தியர் தம் சந்தேகத்தை உறுதி செய்துகொண்டார்.

பத்தியம் சரியாக நடக்கிறதா என்று டாக்டர்கள் உயரம், எடை பார்க்கிறார்கள்; அவ்வப்போது ரத்தமும் பரிசோதிக்கிறார்கள். அளவு இறங்காவிட்டால் "என்ன கொடுத்தாய்?" என்று தாயைத்தான் கேட்பார்கள். இந்த அம்மாளோ சப்பாத்தி, பன் எதையும் வீட்டில் சேர்ப்பதில்லை. ரசத்துக்குப் பெருங்காயம் மட்டும் போட்டிருக்கிறார்.

வடக்கைவிடத் தெற்கே இந்நோய் மிகக் குறைவு. அதனால்தான் நமக்கும் பழக்கமில்லை. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று நம் கடைப் பையன்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சத்துமாவில் கோதுமை சேர்ப்பதுண்டு; மால்ட் என்பது பெரும்பாலும் பார்லி. இவை போக, மைதா அள்ளிய கரண்டியையே அரிசி மாவிலும் போடுகிறோம். 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு சிட்டிகை மைதா விழுந்தாலே கணக்கு தாண்டிவிடும்.

ஒரு பிள்ளைக்காக வியாபாரத்தையே மாற்றுவதா என்று சில அன்பர்கள் கேட்கலாம். தனிக் கரண்டி ஒன்று என்ன விலை? பாக்கெட் சரக்கில் இதைக் குறிப்பிட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு நம் வாய்ச்சொல்தான் லேபிள். தெரியாவிட்டால் 'தெரியாது' என்று சொல்லிவிடலாமே; நாம் அதைக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த மளிகைக்காரருக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயமாகப் பார்த்து அனுப்புகிறோம். விலை கொஞ்சம் கூடத்தான். பையனுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை தை மாதம்.