சங்கிலியா? நர்சா?

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலையேறி, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத் தோட்டங்களில் வேலை செய்துவிட்டு இருட்டும் நேரத்துக்குத் திரும்புகிறார்கள். அப்படிப் போகிற ஒரு தாய்க்குப் பதினான்கு வயதாகியும் பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பிப் பாராத, இரைச்சல் கேட்டால் தலையைச் சுவரில் மோதிக் கொள்ளுகிற ஒரு பிள்ளை இருக்குமானால், அவள் அதை யாரிடம் விட்டுப் போவது? கதவைப் பூட்டிவிட்டுப் போவாள். அல்லது காலைக் கட்டிவிட்டுப் போவாள். அவளைப் பாவி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்துக் கொள்ளத்தான் ஓராளும் கிடையாது.

இன்னொரு வீட்டில் இருபது வயதுப் பெண். காலையில் ஒருவரைத் தெய்வமென்பாள். மாலையில் அவரையே துரோகி என்பாள். தன்னை எல்லோரும் கைவிட்டு விடுவார்களோ என்கிற பயத்தில் கத்துவாள். தன்னையே காயப்படுத்திக் கொள்ளுவாள். வைத்திய சாஸ்திரம் இதை ஆளுமைக் கோளாறு என்கிறது. முன் சொன்ன பிள்ளையின் நிலைமையை ஆட்டிசம் என்கிறது. நம் ஊரிலோ பெண்ணுக்குப் பேய் என்றும், பிள்ளைக்குப் பூர்வஜென்ம கர்மம் என்றும் பெயர் வைத்தாய்விட்டது. கோடாங்கி உடுக்கை அடித்து, வேப்பிலையால் அடித்து, தலைமயிரைப் பிடித்து ஆட்டுகிறான். அதில் தீராவிட்டால் குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு. அதிலும் தீராவிட்டால் ஏர்வாடி.

ஏர்வாடியின் கதையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், அங்குள்ள தர்காவை நம்பி வந்தவர்களுக்கென்று நடத்தப்பட்ட ஒரு தனியார் விடுதியின் கொட்டகை தீப்பற்றி எரிந்து 28 பேர் மாண்டார்கள். ஓடுவதற்குக் கால் இருந்தும் சங்கிலி விடவில்லை. அதன் பிறகு அங்கிருந்த விடுதிகளைச் சர்க்கார் மூடினார்கள். மனோவியாதிக்காரரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டமும் சொல்லிவிட்டது. நல்லதுதான். ஆனால் சங்கிலியை அவிழ்த்த பிறகு பக்கத்தில் நிற்பது யார் என்பதே நமது கேள்வி.

இந்த இடத்தில் நம்மவர்களையும் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பேய் இல்லை, கர்மம் இல்லை என்று மேடையில் முழங்கிவிட்டு நாம் வீட்டுக்கு வந்து விடுகிறோம். கூட்டத்தில் நின்று கேட்ட அந்தத் தாய், "பேய் இல்லை, சரி; அப்படியானால் எம்பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா? பதிலில்லாத இடத்தில்தான் கோடாங்கி உட்காருகிறான். போதாக்குறைக்கு, பேயை நம்பாத படித்தவர்கள் அந்தப் பெண்ணின் நோயைத் திமிர் என்கிறார்கள். கோடாங்கியாவது ஒரு இரவு அவளோடு உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் அதுவும் செய்வதில்லை!

இந்தக் கோளாறுகளை மாத்திரை மட்டும் தீர்ப்பதில்லை. டாக்டர் பத்து நிமிஷம் பார்ப்பார். மீதிப் பொழுதெல்லாம் நர்சின் கையில். ஆட்டிசமுள்ள பிள்ளைக்கு நாள்தோறும் ஒரே ஒழுங்கு வேண்டும். குளிப்பதையும் சாப்பிடுவதையும் படம் காட்டிச் சொல்ல வேண்டும். அது எந்தச் சத்தத்துக்கு மிரளுகிறதென்று கண்டுபிடித்து அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும். தன்னைக் காயப்படுத்திக் கொண்டு வருகிற பெண்ணைக் காயம் கட்டும்போதே ஏசினால் மறுமுறை அவள் வரமாட்டாள். பகல் நர்சு ஒரு விதமாகவும் இரவு நர்சு வேறு விதமாகவும் நடத்தினாலும் கெட்டது. தோட்டத்து விஷ மருந்து வீட்டு மூலையிலேயே கிடக்கிற இந்தப் பள்ளத்தாக்கில், அதைப் பூட்டி வைத்துச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள் என்று வீட்டாருக்குச் சொல்லி வைக்கிற ஒரு நர்சு எத்தனையோ உயிரைக் காப்பாற்றுவாள். ஆத்திரம் ஒரு மணி நேரத்தில் தணிந்துவிடும். போன உயிர் வராது.

அமெரிக்காவில் மார்ஷா லினஹான் என்ற அம்மையார், பேச்சினாலும் பயிற்சியினாலும் இந்த ஆளுமைக் கோளாறைத் தணிக்கும் முறையொன்றை வகுத்து, அதன் பலனை 1991-ல் பரிசோதித்து வெளியிட்டார். பதினேழு வயதில் தாமே தம்மைக் காயப்படுத்திக் கொண்டு ஆஸ்பத்திரித் தனியறையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர் என்பதை 2011-ல்தான் வெளியில் சொன்னார். கோடாங்கி கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருப்பார்?

விஞ்ஞானத்தின் பேராலும் மூடத்தனம் நடந்ததுண்டு. தாய்க்குப் பாசமில்லாததால்தான் பிள்ளைக்கு ஆட்டிசம் வருகிறதென்று மேல்நாட்டு நிபுணர்களே வெகுகாலம் சாதித்தார்கள். 1964-ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், அப்படிப்பட்ட ஒரு பிள்ளைக்குத் தகப்பனார், அது பொய் என்று புத்தகமெழுதினார். அங்கே நிபுணர், இங்கே மாமியார். பழி என்னவோ பெண் தலையில்தான்.

நிற்க. 2017-ம் வருஷத்துச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைவை மனோவியாதிக் கணக்கில் சேர்க்கவில்லை. அது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலுள்ள 21 வகையில் வருகிறது. சாஸ்திரப்படி சரியே. ஆனால் இரண்டு தொல்லையும் ஒரே பிள்ளைக்கு இருந்தால் தாய் எந்த ஆபீசுக்குப் போவாள்? கூடலூரிலிருந்து தேனியைத் தாண்டி க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அங்கே போனபிறகு இன்னொரு இடத்துக்குப் போ என்றால் அவள் கோடாங்கியிடமே திரும்புவாள்.

ஆகவே கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றிலும் மனநலப் பயிற்சி பெற்ற நர்சு ஒருவர் எந்நாளும் இருக்க வேண்டுமென்றும், அவர் வீடு தேடிப் போகவும் வழி செய்ய வேண்டுமென்றும் கேட்கின்றோம். பிள்ளைகளைப் பகலில் பார்த்துக் கொள்ள ஒரு நிலையமும் வேண்டும். அதை ஆபீஸ் வழக்கப்படி காலை பத்து மணிக்குத் திறப்பதாயிருந்தால் திறக்கவே வேண்டாம். ஜீப் புறப்படும் முன் திறக்கட்டும்.