குலுக்கலில் விழும் சிகிச்சை

தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்தவர்களுக்கு இரவுதான் எதிரி. பகலில் கையைத் தாங்கித் தாங்கி எப்படியோ ஓட்டிவிடுவார்கள். படுத்து ஒருக்களித்தால் போதும், வலி எழுப்பி உட்கார வைத்துவிடும். வாழ்நாளெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் பெயிண்ட் அடித்த என் அத்தானுக்கு வலது தோளில் அதுதான் வந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்த டாக்டர், ஆபரேஷனையும் பயிற்சியையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடத்துவதாகவும், அதில் சேர விருப்பமா என்றும் கேட்டிருக்கிறார். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுமாம். அன்று மாலையே அக்கா திருநெல்வேலியிலிருந்து போன் செய்தாள். “தம்பி, அத்தானை ஆராய்ச்சிக்குக் கேக்காவ. எலிய வச்சுப் பாக்க மாதிரி பாப்பாவளோ?”

அந்தப் பயம் வெறும் பயமல்ல. ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டு நடந்த ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டதை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. அப்படி வாங்கும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயர் கிடையாது.

ஆனாலும் அக்காவிடம், சேரலாம் என்றுதான் சொன்னேன். தோள் விஷயத்தில் டாக்டர்களுக்கே முழு விடை தெரியாது. மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளின் நாண்களைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம்; அவற்றில் பெரும்பாலும் கிழிவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ். அதை எலும்போடு சேர்த்துத் தைக்கும் ஆபரேஷனை பாஸ்டன் நகரத்து டாக்டர் எர்னஸ்ட் ஆமரி காட்மன் 1909இலேயே செய்தார். நூறு வருடம் தாண்டியும், வயதானதால் நைந்து கிழிந்த நாணைத் தைப்பதா, பிசியோதெரபியோடு விடுவதா என்ற கேள்வி ஓயவில்லை. நார்வேயில் நடந்த ஆய்வில் பத்து வருட முடிவில் தைத்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். பின்லாந்தில், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

காட்மன் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆபரேஷன் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினால் கடமை தீராது, ஒவ்வொரு நோயாளியும் பின்னால் எப்படி இருக்கிறார் என்று அட்டை போட்டு எழுதிவைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். 1911 முதல் 1916 வரை தன் சொந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 337 பேரின் கதையை எடுத்து, அதில் 123 தவறுகளை அவரே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். 1915இல் ஒரு கூட்டத்தில் கேலிச்சித்திரம் காட்டிச் சக டாக்டர்களைச் சீண்டியதில் ஹார்வர்டில் பதவி போயிற்று. 1940இல் இறந்தவரின் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் வந்தது 2014இல்தான்.

அக்காவை உறுத்தியது குலுக்கல். உடம்பு விஷயத்தில் சீட்டுப் போடுவதா? கோயிலில் திருவுளச்சீட்டு எடுப்பது, இரு பக்கமும் நியாயம் சமமாக நின்று மனிதர்களால் தீர்க்க முடியாமல் போகும்போதுதான். ஆய்விலும் அப்படித்தான். இது நல்லது என்று உறுதியாகத் தெரிந்தால், அதைச் சிலருக்கு மறுத்துக் குலுக்கல் நடத்துவது பாவம். தெரியாதபோது, டாக்டரின் ஆசை யாருக்கு எது என்பதை முடிவு செய்யாமல் காப்பது குலுக்கல்தான்.

நோயாளியின் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது: சேர்ந்தால், விழுந்த பிரிவில் நிற்பது. பிரிட்டனில் 2007இல் ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் தொடங்கிய ஆய்வில் மூன்று பிரிவுகள்: திறந்து செய்யும் ஆபரேஷன், ஆர்த்ராஸ்கோபி எனும் துளை ஆபரேஷன், ஓய்வும் பயிற்சியும். பயிற்சிப் பிரிவில் விழுந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறகு ஆபரேஷனுக்கே போய்விட்டதால், அந்தப் பிரிவையே மூட வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த ஒப்பீட்டில் 273 பேர். சட்டை போடுவது, தலை சீவுவது, துணியை மாட்டுவது, இரவு வலி என்று பன்னிரண்டு கேள்விகள், மொத்தம் 48 மதிப்பெண்; கூடினால் தோள் தேறியது என்று அர்த்தம். சராசரி 25ஐ ஒட்டி இருந்தது இரண்டு வருடத்தில் 41ஐத் தாண்டியது, இரண்டு வகை ஆபரேஷனிலும். தைத்த இடம் ஸ்கேனில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒட்டாமலோ மறுபடி கிழிந்தோ இருந்தது. அவர்களுக்கும் வலி குறைந்திருந்தது என்பது என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஒருவர் ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று சொல்வதை மட்டும் நம்பி ஒரு முறையை மெச்ச முடியாது.

இன்னொரு ஆய்வு. தைக்கவே முடியாத அளவுக்குக் கிழிந்த தோளுக்குள், உப்புநீர் நிரப்பிய, நாளடைவில் கரைந்துவிடும் ஒரு பலூனை வைப்பார்கள். வார்விக் பல்கலைக்கழகத்தார் பிரிட்டனின் 24 மருத்துவமனைகளில் 117 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குத் தோளைச் சுத்தம் செய்வது மட்டும், இன்னொரு சாராருக்குப் பலூனும். தனக்குப் பலூன் வைக்கப்பட்டதா என்பது நோயாளிக்கும் தெரியாது, பின்னால் பரிசோதிப்பவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, அதே 48 மதிப்பெண் கணக்கில் பலூன் இல்லாதவர்களின் சராசரி 34, இருந்தவர்களின் சராசரி 30. பயன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். தெரியாமலே இருக்கச் சம்மதித்த அந்த 117 பேர் இல்லையென்றால், பலூன் புதுமை என்ற ஒரே காரணத்தால் பரவியிருக்கும். அவர்களை எலி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அக்காவிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். எந்தப் பிரிவில் விழுந்தாலும் ஏற்க மனம் இல்லையென்றால் சேர வேண்டாம். சேராவிட்டால் வழக்கமான சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் உரிமை இல்லை. நடுவில் விலகவும் தடையில்லை. விவரத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தமிழில் படித்து, ஒரு ராத்திரியாவது வைத்திருந்து கையெழுத்துப் போடுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி உண்டா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் என்ன என்று கேளுங்கள். 2007 முதல் இருக்கும் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கூடுதல் ஸ்கேனுக்கும் பஸ் செலவுக்கும் யார் பணம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு பெறும் உரிமையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அது படிவத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். தைத்த பிறகு கை பல வாரம் தொட்டிலில் தொங்கும். அந்த நாட்களின் கூலிக்கு வழி என்ன என்று பெயிண்டரின் வீட்டில் முன்கூட்டியே பேசியாக வேண்டும். கடைசியாக, ஆய்வு முடிந்ததும் அதன் முடிவைத் தபாலிலோ போனிலோ அத்தானுக்குத் தெரிவிப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்டு, பதிலைத் தாளிலேயே எழுதி வாங்கச் சொன்னேன்.